ஒட்டாமல் விட்ட மரத்துண்டு

அவைத்தலைவர் திரு. நடராஜன் அவர்களே, மகனைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜனாப் கபீர் அவர்களே, தாய்மார்களே, காஜா பெராங் ஊர் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மெர்டேக்கா சுதந்திர நாளன்று இதே மேடையில் அவர் மகன் அலாவுதீன் கித்தார் வாசிப்பதாக இருந்தது. அதற்குள் ஒரு காய்ச்சல் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் உட்கார வேண்டிய இடத்தில் இன்று நான் நிற்கிறேன்.

தலைவர் அவரை இசைச்செல்வர் என்றார். அலாவுதீன் கேட்டிருந்தால், யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்திருப்பார். ஆனாலும் அந்தப் பட்டம் இருக்கட்டும். அவருடைய குழுவில் டிரம் தட்டியவன் என்ற உரிமையில் நானும் அதைச் சொல்கிறேன்.

இசைச்செல்வர் அலாவுதீன் தம் கித்தாரைத் தாமே செய்தார். தந்தையின் ஜவுளிக்கடையின் பின்னறையில். மின்சாரக் கித்தார். நடுவில் கெட்டியான கட்டை. இருபுறமும் வெறும் கூடு. கட்டை ஒலியைப் பிடித்து வைக்கும், கூடு அதற்கு மூச்சு கொடுக்கும் என்பார். ஒரு பத்திரிகைப் படம்தான் அவருக்கு வழிகாட்டி. படத்தில் உட்புறம் தெரியுமா? உட்புறத்தை அவர் ஊகித்தார்.

ஊகம் தவறும். தவறியது.

மேல்பலகையில் வளைந்த இரண்டு துளைகள் வேண்டும். ஒன்றையொன்று பார்ப்பது போல. காகிதத்தில் வரைந்து ஒன்றை வெட்டினார். காகிதத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்து மற்றதையும் வெட்டிவிட்டார். இரண்டும் ஒரே பக்கம் வளைந்து நின்றன. முதலில் சிரித்தவர் தங்கை நஜ்முன்னிசா.

"என்னண்ணே, ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் பாக்குது? மாறுகண்ணு கித்தாரா?"

"ஒன்னயப் பாக்கப் புடிக்காம திரும்பிக்கிச்சு, போ லா."

மறுநாள் அலாவுதீன் தவறிய துளையை ஒரு மரச்சில்லால் அடைத்து, இடுக்கில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி, புதிதாக வெட்டினார். அந்தத் தழும்பு இன்றும் தெரிகிறது. அதன் மேல் வண்ணம் பூசச் சொன்னேன். "தெரியட்டும் சேது, நம்ம வேலைதானே" என்றார்.

கடையிலிருந்து எட்டிப் பார்த்த தந்தை ஒருமுறை கேட்டார்: "இது எந்த ஊரு வாத்தியம்டா?"

"காஜா பெராங் வாத்தியம், அத்தா."

அத்தா கடைக்குத் திரும்பிப் போனார். ஆனால் அதன் பிறகு நல்ல துணியில் ஒரு உறை தைத்து வந்தது. யார் தைக்கச் சொன்னது? நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாவது தவறு பெரியது. கழுத்தில் குறுக்கே பதிக்கும் பித்தளை மெட்டுகள் சில, ரம்பம் விலகியதால் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. ஒன்றைப் பிடுங்கியபோது மரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்தது. பிறகு அவர் பிடுங்கவில்லை. கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டை மட்டும் மேல்பலகையில் நகர்த்தத் தொடங்கினார். ஒரு மயிரிழை முன்னே. ஒரு மயிரிழை சாய்வாக. வாரக்கணக்கில்.

"தப்ப எடுக்க முடியாது, சேது. எல்லாக் கம்பிக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரிச்சுக் குடுத்துருவோம்."

ஒரு மாலை பிரித்துக் கொடுத்துவிட்டார். அவர் வாசித்தார். நாங்கள் கேட்டோம். நண்பர்களே, அந்த ஒலியை நான் எப்படிச் சொல்வேன்? எந்த ஸ்வரமும் முழுக்கச் சரியில்லை. எதுவும் அந்நியமாக இல்லை.

அந்த மரத்துண்டை அவர் ஒட்டவில்லை. கடற்காற்று மாறினால் மரம் மாறும், மறுபடி நகர்த்த வேண்டும் என்றார். கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே அது நின்றது.

அவர் போன பிறகு நஜ்முன்னிசா கித்தாரைத் துடைத்தார். வாசிக்காமல் வைப்பதானால் கம்பியைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் கழுத்து வளையும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். தளர்த்தினார். மரத்துண்டு மடியில் விழுந்தது. அது நின்ற இடத்தின் தூசித் தடமும் துடைத்த துணியோடு போயிருந்தது.

இடம் போய்விட்டது. அளவுகோலால் கண்டுபிடிக்க முடியாத இடம். தளர்த்தியது அண்ணன் சொன்னதைக் கேட்ட கை. அந்தக் கையைக் குற்றம் சொல்லும் வாய் இந்த ஊரில் இருக்கக் கூடாது.

இந்த மண்டபச் சுவரில், அவருடைய படத்துக்குக் கீழே அந்தக் கித்தாரை மாட்டலாம் என்று ஜனாப் கபீர் அவர்கள் விரும்புகிறார். மகன் பெயர் சுவரில் நிற்க வேண்டும் என்று எந்தத் தந்தைக்குத் தோன்றாது? ஆனால் அத்தா, சுவரில் மாட்டினால் அதன் கம்பிகள் தளர்ந்தே இருக்கும்.

நேற்று மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கம்பியை முறுக்கினேன். மரத்துண்டை வைத்தேன். மீட்டினேன். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து நஜ்முன்னிசாவின் குரல் வந்தது.

"இல்லண்ணே. இது வேற யாரோ."

நகர்த்தினேன்.

"இன்னும் கிட்ட. ம்ஹூம், தாண்டிட்டீங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அலாவுதீன் தேடிய மாலைகளில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷினில் இருந்தவர் அவர். சரியான இடத்தை மட்டுமா கேட்டார்? தவறான இடங்கள் அத்தனையையும் கேட்டவர்.

நேற்று நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. தடித்த கம்பியை மீட்டியபோது மட்டும், ஒரு கணம், திரை அசைந்தது. அதற்கு மேல் நான் மீட்டவில்லை.

இன்று மேடை ஏறும் முன் ஜனாப் கபீர் அவர்கள் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அவளுக்கு அந்த எடம் நெசமாவே தெரியுதா, தம்பி?"

சபை முன்னிலையில் பதில் சொல்கிறேன். தெரிகிறது, அத்தா. சுவரில் ஆணி அடிக்க வேண்டாம்.

அலாவுதீனின் குழு கலையாது. இது எங்கள் உறுதி. நான் நகர்த்துவேன், அவர் தங்கை கேட்பார். 'இல்லை' என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் மீண்டும் நகர்த்துவேன். ஒருநாள் அவர் 'ம்' என்பார். அன்று இந்த மேடையில் அந்தக் கித்தார் ஒலிக்கும்.

அதன் பிறகும் அந்த மரத்துண்டை நாங்கள் ஒட்ட மாட்டோம்.