ஏரிக் கோட்டைக் கதையைச் சொன்னவள்

"அது நான் சொன்ன கதை."

"யார் சொன்னா என்னடி, பிள்ளை சந்தோஷமா..."

"நான் சொன்னது அக்கா. ராஜா குரல், ராணி குரல், ரெண்டும் நான்தான்..."

"மெதுவாப் பேசு. எனக்கு மூச்சு..."

"'ஆமா கண்ணு, நல்லா ஞாபகம் இருக்கு'ன்னு அவகிட்டச் சொன்னியே, அதுக்கு மட்டும் மூச்சு இருந்துச்சா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்குப் போயி..."

"'நான் இல்லம்மா, சித்தி'ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்?"

"அடுத்த தடவை கூப்பிடுவா, நீயே சொல்லிக்க. இப்ப அந்தத் தலகாணியைக் கொஞ்சம் தூக்கி வை."

தலையணையைத் தூக்கி வைத்தேன், பாஸ்டர். அந்த மாதிரி வேலைகளில் நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை. டீ ஆறுகிறது, குடியுங்கள். டப்பாப் பால் கொஞ்சம் கூடிவிட்டது, இனிப்பாகத்தான் இருக்கும்.

கீழே பிரியாணிக் கடை வைத்திருக்கும் சமீனா, நானும் அக்காவும் சண்டை போட்டதை உங்களிடம் சொல்லியிருப்பாள். அது இந்தச் சண்டைதான். சண்டைக்காக உங்களைக் கூப்பிடவில்லை. அக்காவின் கல்லறையில் நீங்கள் செய்த ஜெபத்துக்காகக் கூப்பிட்டேன். "கதை சொல்லியே மகளை வளர்த்த தாய் எங்கள் சகோதரி பெர்சிஸ்" என்றீர்கள். சபையார் எல்லாரும் தலையாட்டினார்கள். உங்கள் மேல் பிழை இல்லை, அவள் மகள் ஜாஸ்லின் போனில் சொன்னதைத்தான் நீங்கள் சொன்னீர்கள். ஆனால் தப்பான ஒன்றை ஒரு பெட்டியின் மேல் மண்ணைப்போலப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை யாராவது திருத்த வேண்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஜாஸ்லின் பிறந்த வருஷமே அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவுக்கு டவுனில், கியாக்டடாவில், பாங்கு வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது, நான் இருந்தேன். அவ்வளவுதான்.

பிள்ளை சோறு சாப்பிடாது. எங்கள் தாத்தா கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு ஸ்காட்லாந்துத் துரை கொடுத்த பிஸ்கட் டின் வீட்டில் கிடந்தது. மூடியில் ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஒரு கோட்டை. அதைக் காட்டி நானாகக் கட்டிய கதை அது. ராஜா வெளியே நின்று கத்துவார், "ராணி, கதவைத் திற!" ராணி உள்ளே இருந்து, "சாவி ஏரியிலே விழுந்துபோச்சு ராஜா." "இறங்கி எடு." "எனக்கு நீச்சல் தெரியாதே ராஜா." "அப்ப நான் எங்கே படுக்கிறது?" "மாட்டுக் கொட்டாயிலே ராஜா." ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வாய் சோறு. மாட்டுக் கொட்டாய்க்குப் பெரிய வாய். எனக்குக் கதை என்றாலே இப்படித்தான், இரண்டு பேர் பேசிக்கொள்வதாகத்தான் காதில் விழும். வர்ணனை எல்லாம் எனக்கு வராது.

அந்தப் பிள்ளை இப்போது கிளாஸ்கோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறது. அங்கே யார் யாரையோ குளிப்பாட்டி, சோறு ஊட்டுகிறாள். இங்கே வரமாட்டாள். வந்தால் இந்தப் பட்டாள ஆட்சி திரும்பப் போக விடுமோ விடாதோ, அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். அக்காவுக்குக் கை நடுங்கும், அதனால் போனைப் பிடிப்பது என் வேலை. போனைப் பிடிப்பவளுக்குப் போனின் முதுகுதான் தெரியும், பாஸ்டர். ஜாஸ்லினுக்கு என்னில் தெரிவது ஒரு விரல். "சித்தி, விரலை எடுங்க, மம்மி நெத்தி மறையுது" என்பாள். எடுத்துவிடுவேன்.

சண்டை நடந்த அன்றைக்கு அவளுக்கு லீவு. ஒரே நாளில் கோட்டை, ஏரி, பழங்காலத்துக் கற்கள் எல்லாம் சுற்றிக் காட்டும் சின்ன பஸ்ஸில் சீட்டு எடுத்திருந்தாள். போகிற இடத்திலிருந்தெல்லாம் கூப்பிட்டு மம்மிக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அக்கா மதியமே தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். வாரிவிட்டது நான்.

முதலில் லாக் லோமண்ட் என்ற ஏரியிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஏரிக்கு லாக் என்றுதான் பேராம். போனைப் பிடித்தபடியே கழுத்தை வளைத்து எட்டி நானும் ஒரு துண்டுத் தண்ணீரைப் பார்த்தேன். அப்போதுதான் ஜாஸ்லின் சொன்னாள், "மம்மி, சாயங்காலம் ஏரிக்கரையில ஒரு இடிஞ்ச கோட்டைக்குப் போறோம். நீங்க சின்னதுல சொல்வீங்களே, சாவி ஏரியிலே விழுந்துபோச்சு ராஜான்னு? அச்சு அசல் அந்த டின்னு கோட்டை!"

அக்கா சிரித்தாள். "ஆமா கண்ணு, நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

நான் போனைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். போன் பேசி முடிந்த பிறகுதான் அக்காவிடம் கேட்டேன். நாங்கள் என்ன பேசிக்கொண்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. எங்கள் க்யிம்யிண்டைங் பேட்டையில் அது புதிதில்லை, உங்கள் தெருவிலும் அப்படித்தானே. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின். போன மழைக்காலத்திலிருந்து அதுதான் அவளுக்கு மூச்சு. கரண்டு போனால் பாட்டரியில் ஓடும். பாட்டரி பழசு, மிஷின் அதிகம் இழுக்கும். பாட்டரி இறங்குவதற்குள் சமீனா தன் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை மேலே போடுவாள். இதுதான் வழக்கம்.

அந்தப் பாட்டரியில்தான் வைஃபை பெட்டியும் ஓடுகிறது. மிஷினை ஓடவிட்டால் பாட்டரி தீரும். தீர்ந்தால் வைஃபை போகும், கோட்டை போகும். அந்தக் கோட்டையைப் பார்க்கத்தானே அக்கா பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? அவளுக்காகத்தான் யோசித்தேன். மிஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். மூக்கிலிருந்த குழாயைக்கூட எடுக்கவில்லை, அது அப்படியே இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். "கரண்டு போச்சுக்கா. கொஞ்சம் படுத்திரு" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே புழுக்கம், வெளியே காற்று வரும்.

சமீனா படியேறி வந்தாள்.

"அக்கா, வயரு போடவா? பெரியக்கா மிஷினு ஓடணுமே."

"வேணாம் சமீனா. பாட்டரி இருக்கு."

"அது கிழட்டுப் பாட்டரியாச்சே."

"கிழடா இருந்தா என்ன, இழுக்குது. நீ போய்க் கடையைப் பாரு, சட்டி அடிபிடிக்கப் போவுது."

"அப்ப பெரியக்காகிட்ட ஒரு வார்த்தை..."

"தூங்குறா."

போய்விட்டாள். அவளைத் தப்புச் சொல்லாதீர்கள். அவள் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன்.

அடுத்த போன் இன்வரேரி என்ற ஊர்க் கோட்டையிலிருந்து. நாலு மூலையிலும் கூம்புத் தொப்பி போட்டதுபோல் கோபுரம். "மம்மி எங்கே?" என்றாள். "தூங்குறா, எழுப்ப வேணாம். எனக்குக் காட்டு" என்றேன். அதற்கு முன் அவளிடம் எனக்குக் காட்டு என்று எதையும் கேட்டதில்லை. போன் என் முகத்துக்கு நேரே இருந்தது. "சித்தி, மெலிஞ்சுட்டீங்களே!" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு என் முகம் தெரிய வேண்டியிருந்தது.

உள்ளே ஒரு பெரிய கூடம். சுவர் முழுக்கத் துப்பாக்கியும் வாளும், பூக்கோலம்போல வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தார்கள். பிறகு ஒரு புல்வெளியில் நட்டுவைத்த கற்களைக் காட்டினாள். ஆளைவிட உயரம். யார் நட்டது, எதற்கு நட்டது என்று உறுதியாக யாருக்கும் தெரியாதாம். நட்டவர்கள் பேர் போய்விட்டது, கல் மட்டும் நிற்கிறது. பக்கத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "எப்படி சித்தி?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது, பாஸ்டர். அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு வாய்த்ததே இல்லை.

உள்ளே அக்கா டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினாள். குரல் எழுப்ப அவளால் முடியாது. எனக்கு எந்தச் சத்தமும் பேச்சாகத்தான் கேட்கும். வா என்று தட்டினாள். கதை சொன்னது சித்தி என்று பாப்பாவிடம் சொல்லுவதாக முதலில் ஒத்துக்கொள், வருகிறேன் என்று நான் மனசுக்குள் பதில் சொன்னேன். திரும்ப வா என்று தட்டினாள். நானும் திரும்ப அதையே சொன்னேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அவள் தட்டவில்லை. சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கு அந்தப் பழக்கம் உண்டு, வாக்குவாதத்தில் தோற்கிற மாதிரி இருந்தால் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவாள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவள் செத்தால் ஜாஸ்லினிடம் உண்மையை யார் சொல்வது?

இங்கே இருட்டிவிட்டது, அங்கே இன்னும் வெளிச்சம்தான். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். கடைசியாக அந்த ஏரிக்கரைக் கோட்டையிலிருந்து கூப்பிட்டாள். கூரை இல்லை. சுவர் மட்டும் நின்றது, அது தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. நான் சும்மா இருக்கவில்லை. என் ராஜா குரலில், "ராணி, கதவைத் திற!" என்றேன். ராணி குரலில் பதில் சொன்னேன். மாட்டுக் கொட்டாய் வரைக்கும் சொல்லி முடித்தேன். ஜாஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"ஐயோ சித்தி, மம்மி சொல்ற மாதிரியே சொல்றீங்க!"

"நான்தான் பாப்பா சொன்னேன். உனக்கு எப்பவும் நான்தான் சொன்னேன்."

"போங்க சித்தி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க சோறு ஊட்டுவீங்க, மம்மி கதை சொல்வாங்க. நீங்க பக்கத்துல இருந்து கேட்டுக் கேட்டுப் பழகிட்டீங்க."

"மம்மி அந்நேரம் பாங்கில இருப்பா."

"சித்தி, இதுக்கெல்லாமா கோவிப்பாங்க? சரி, மம்மியை எழுப்புங்க. மம்மியையே கேட்டுருவோம். பஸ் கிளம்பப் போவுது, சீக்கிரம்."

நான் கோபக்காரி இல்லை, பாஸ்டர். சமீனாவைக் கேளுங்கள், தெருவைக் கேளுங்கள். பால்காரனிடம்கூட நான் குரல் உயர்த்தியதில்லை. பிளக்கைப் பிடுங்கியது நான். வயர் வேண்டாம் என்றது நான். தட்டியது காதில் விழுந்தும் உட்கார்ந்திருந்தது நான். இதையெல்லாம் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கதை விஷயத்தைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது.

கதவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. "மீ லாப்பீ, மீ லாப்பீ!" என்று, கரண்டு வந்துருச்சு என்பதைப் பர்மியப் பாஷையில், தெருப் பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. அக்காவின் கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. உதட்டின் நிறத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

போனில் ஜாஸ்லின், "மம்மி, மம்மி, கோட்டையைப் பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அக்காவின் முன்மயிரைக் கையால் ஒதுக்கிவிட்டேன். எப்போதும் பிடிப்பதுபோலவே போனை அவள் முகத்துக்கு நேரே நன்றாகப் பிடித்தேன்.

"சொல்லுக்கா, பாப்பா கேட்டுக்கிட்டிருக்கா. கதை சொன்னது யாரு?"