திருப்பிக் கொடுத்த பலகைகள்

பிழையாகக் கலந்த பெயின்ற் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். யாரோ ஒரு நிறம் கேட்டிருப்பார், கடைக்காரர் வேறொன்றைக் கலந்திருப்பார், அது மூலையில் அடுக்கிக் கிடக்கும். கனடாவில், வோபர்னில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அப்படி மற்றவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன நிறங்கள்தாம். குசினிக்கு வாய்த்தது ஒருவிதப் பச்சை. என் மனைவி கிளடிஸ் அதற்கு ஆஸ்பத்திரிப் பச்சை என்று பெயர் வைத்தாள். தகரம் நெளிந்திருக்கிறது என்று சொல்லி அதிலும் நான் கொஞ்சம் குறைப்பித்திருந்தேன்.

உங்களுக்குள் சண்டை இருந்ததா என்று நீங்கள் கேட்டதால் இதை முதலில் எழுதுகிறேன். இருக்கவில்லை. நானும் என் மனைவியும் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். விலை என்னுடையது, வேலை அவளுடையது. யாழ்ப்பாணம் பெரியகடையில் பிடவைக்கடை வைத்திருந்தவரின் மகன் நான். கனடாவில் பேரம் பேச முடியாது என்கிறவர்கள் பேசிப் பார்க்காதவர்கள். கிளடிஸ் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து யூரியூப்பில் ஒருதடவை பார்ப்பாள், மறுநாள் மரத்தை அறுப்பாள். வேலி, தக்காளிப் பாத்தி, பின்வளவில் டெக் என்கிற மரத்தளம் எல்லாம் அவளுடைய கை. அந்த மரமும் ஆணியும் அந்த விலைக்கு வந்தது என்னுடைய வாய்.

சனம் கையைத்தான் பார்க்கும்.

கிளடிஸின் தம்பி ஜூலியன், தன் மகள் சேர்ச்சில் முதல்நன்மை எடுத்ததற்கான விருந்தை எங்கள் டெக்கில் வைத்தான். எல்லோரும் ஏறி நின்று காலால் தட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, உது முழுக்க நீங்கள் தனியவே செய்தது? அத்தான் என்ன செய்தவர்?"

"உன்ர அத்தானுக்கு ஒரு ஆணி அடிக்கக் குடுத்தனான்," என்றாள் கிளடிஸ். "அவர் அந்த ஆணியோட பேரம் பேசிக்கொண்டு நிண்டவர்."

"கடைசியா எவ்வளவுக்கு இறங்கினது, அத்தான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தவன் அவர்களுக்கே சோடா ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நிற்க மாட்டான். அதன்பின் ஜூலியன் இந்தக் கதையைக் கலியாணவீட்டில் சொன்னான், செத்தவீட்டிலும் சொன்னான். பூசை முடிந்து காரடிக்கு வந்தால் மனிதர்கள் என்னை 'ஆணி அத்தான்' என்று கூப்பிட்டார்கள். என்னிலும் மூத்தவர்கள், அத்தான் முறையே இல்லாதவர்கள்.

பிறகு பேஸ்மென்ற் வேலை வந்தது. வாடகைக்கு விடுவதானால், நெருப்புப் பிடித்தால் ஆள் ஏறி வெளியேறக்கூடிய பெரிய யன்னல் வைக்க வேண்டும். அதற்கு வீட்டுச் சுவரோடு ஒட்டி ஆழமாகத் தோண்ட வேண்டும். கொன்ராக்டர் சொன்ன விலையைக் கேட்டு, தேத்தண்ணி கொடுக்காமலே அவரை அனுப்பினேன். கிளடிஸ் தானே தோண்டினாள். குழி அவளுடைய உயரத்தைத் தாண்டியதும் மண் பக்கத்தில் தடித்த பலகைகளை நிறுத்தி, வீட்டுச் சுவரிலிருந்து குறுக்கே கட்டை கொடுத்து இறுக்கினாள். ஜூலியன் வந்து எட்டிப் பார்த்தான். "எஞ்சினியர் தோத்தான், அக்கா," என்றான்.

நல்ல பலகைகள். மண்ணைத் துடைத்தால் புதிது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இதைச் செய்கிறார்கள்: வாங்குவது, பாவிப்பது, ரசீதோடு திருப்பிக் கொடுப்பது. வேலை முடிந்தபின் கொடுப்பதுதான் வழக்கம். நான் வேலை முடியமுன், அவள் இல்லாத நேரம் கழற்றினேன். பேஸ்மென்றிலிருந்து பிய்த்த பழைய மெல்லிய சுவர்த்தட்டியை அந்த இடத்தில் வைத்து, கட்டைகளை முன்போலவே இறுக்கி, தட்டி தெரியாதபடி நீலத் தறப்பாளைத் தொங்கவிட்டேன்.

தறப்பாள் மழைக்காக என்று நேற்றுப் பொலிஸ் நிலையத்தில் உங்களிடம் சொன்னேன். அது பொய். மண் கொஞ்சம் சரியட்டும், அவளுடைய வேலையும் சரியும் என்று ஜூலியன் பார்க்கட்டும் என்றுதான் கட்டினேன். அவள் உள்ளே நிற்கும்போது சரியுமா, வெளியே நிற்கும்போது சரியுமா என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் விட்டேன் என்று எழுதினால் இன்னும் சரி.

சனிக்கிழமை பலகைகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். கிளடிஸ் குழிக்குள் நின்றாள். மண் அவளை நெஞ்சுவரை மூடிச் சுவரோடு அழுத்தியிருந்தது. அவளுடைய தொலைபேசி டெக்கில் கிடந்தது.

"வந்திட்டீங்களே. நைன் வண் வண்ணுக்கு அடியுங்கோ. காலில உணர்வில்லை."

உடைந்து கிடந்த தட்டியை அவள் அப்போதுதான் பார்த்தாள். "பலகை எங்க?"

"திருப்பிக் குடுத்திட்டன்."

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஜூலியனுக்கு இது காணும். ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சிரிப்பான்."

என் தொலைபேசி கையில் இருந்தது. அதை நான் இப்போது மறுக்கவில்லை. குழி ஓரத்தில் குந்தினேன்.

"பலகையை நீர்தான் கழட்டச் சொன்னனீர் எண்டு ஜூலியனுக்குச் சொல்லும். பிறகு அடிக்கிறன்."

பகிடி என்று நினைத்திருப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, சொல்லுறன். அடியுங்கோ."

இந்த இடம் உங்களுக்கு விளங்காது. கேட்டவுடனே ஒருவர் சம்மதித்தால், நீங்கள் குறைவாகக் கேட்டுவிட்டீர்கள். பெரியகடைப் பிள்ளைகளுக்கு இது எழுத்துப் படிக்கமுன்னரே தெரியும். ஆகவே இன்னும் கேட்டேன். ஆணிக் கதை பொய் என்று பூசை முடிந்து எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கும் ஓம் என்றாள். டெக்கை நான்தான் கட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

அவள் டெக் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"டெக் நான் கட்டினது, பேனாட்," என்றாள். கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "போங்கோ."

விலை ஒத்துவராவிட்டால் எழும்பி நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசலைத் தாண்டமுன் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், விலையும் இறங்கியிருக்கும். நான் எழும்பி நடந்தேன். வீட்டைச் சுற்றி முன்பக்கம் போய், தண்ணீர் ஹோஸைத் திறந்து, பலகை ஏற்றிய வான் வண்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவினேன். ஈர மூட்டையை இறக்குவதுபோல் பின்வளவில் மறுபடி மண் சரியும் சத்தம் கேட்டது. மற்றப் பக்கத்தையும் கழுவி முடித்துவிட்டுத்தான் உங்களுக்கு அடித்தேன்.

பலகையைக் கழற்றியவன் நான். மறைத்தவன் நான். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துபோனவனும் நான். வேறு யாரையும் தேட வேண்டாம்.

நெஞ்சை மண் இறுக்கினால் கூப்பிட மூச்சு வராது என்று அவளுடைய உடலைப் பரிசோதித்த உங்கள் மருத்துவர் சொல்கிறார். படித்தவர், மரியாதை இருக்கிறது. ஆனால் போங்கோ என்று சொல்ல அவளுக்கு மூச்சு இருந்தது. வாங்கோ என்று சொல்லவும் அதே அளவு மூச்சுத்தான் வேண்டும்.