பிரிண்டர் மட்டும் திறந்திருந்தது

பழைய கம்ப்யூட்டரைக் கெடுப்பது உப்புக்காற்று என்று தூத்துக்குடியில் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது பல்லி. என்னுடையதற்குள் ஒரு பல்லி மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியது. திரையில் எழுத்து நடுங்கினால் முட்டை போட்டிருக்கிறது என்று அர்த்தம். இதை எழுதிக்கொள்ள வேண்டாம் இன்ஸ்பெக்டரம்மா, சும்மா சொன்னேன். இனி சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஜேசுபாதமும் நானும் துறைமுகத்தில் ஒரே கப்பல் ஏஜென்சியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர்கள். ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துப் போட்டபோது ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு சொந்த ஊரான நாசரேத்துக்கு வந்துவிட்டோம். அடுத்தடுத்த வீடு. நடுச்சுவரில் துளை போட்டு இரண்டையும் கேபிளால் இணைத்தேன். என்னுடையதில் பொதுவாக ஒரு ஃபோல்டர். அவன் போடுவதை நான் படிக்கலாம், நான் போடுவதை அவன் படிக்கலாம். ஒரு கப்பல் படத்தைப் போட்டால் அவன் திரையில் மேலிருந்து கீழாக வரிவரியாகத் திறக்கும். கொடிமரம் தெரிந்து அடிப்பாகம் தெரிவதற்குள் அந்தக் கப்பல் கொழும்பில் சரக்கை இறக்கியிருக்கும். எங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது பக்கம் போயிற்று. இடது கையில் ஒரு விரல் மிஞ்சியது. போன் திரையில் அந்த விரல் வழுக்கும். பழைய கீபோர்டு அவனுக்குப் பழக்கம். ஆங்கில எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாகத் தட்டி ஃபோல்டரில் போடுவான். நான் அதைப் பார்த்து என் போனில் அடித்து, வெளிநாட்டில் பெர்த் நகரத்தில் இருக்கும் அவன் மகள் ரேச்சலுக்கு அனுப்புவேன். அவள் பதிலை ஃபோல்டரில் போடுவேன். அவனைக் கவனித்துக்கொள்ள ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பேச்சிச்செல்வி வந்து தங்கியிருந்தாள். நல்ல பெண். படிக்கத் தெரியாது.

முதலில் எழுத்துப்பிழைகளைத்தான் திருத்தினேன். பிறகு, 'தூக்கம் வரவில்லை' என்று எழுதியிருந்தால் மகள் கவலைப்படுவாளே என்று 'நன்றாகத் தூங்கினேன்' என்று மாற்றினேன். யாராக இருந்தாலும் செய்வதுதான்.

போன வருஷம் மார்ச்சில், அப்பாவுக்கு விசா கிடைத்துவிட்டது, வந்து கூட்டிப்போகிறேன் என்று ரேச்சல் எழுதினாள். அன்று முழுக்க யோசித்தேன். நெட்வொர்க் என்றால் இரண்டு கம்ப்யூட்டராவது வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது மேசைமேல் கிடக்கும் ஒரு பெட்டி. அவளுக்கு அப்பா எழுதுவதுபோல், 'உன் அம்மா கிரேசியை அடக்கம் பண்ணிய ஊர் இது, நான் எங்கேயும் வரவில்லை' என்று அனுப்பினேன். அவனுக்கு மகள் எழுதுவதுபோல், 'இப்போது தோதுப்படாது அப்பா, வீடு சிறியது' என்று போட்டேன். இரண்டு நாள் அவன் கஞ்சி குடிக்கவில்லை. மூன்றாம் நாள் குடித்தான்.

வீடியோவில் மகளைப் பார்த்தால் அவனுக்குப் பிரஷர் ஏறுகிறது என்று சொல்லி வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யப்பா, விசா ரெடியாத்தான இருக்கு? நீங்கதான் வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிய."

ஜேசுபாதம் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டி ஆட்டினான். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"அப்பா என்ன மாமா சொல்லுதாவ?"

"காத்து வரலையாம்மா. கதவத் தொறக்கச் சொல்லுதான். ஏளா பேச்சி, அந்தக் கதவத் தொற."

"அது தொறந்துதான அண்ணாச்சி கெடக்கு."

"இன்னுங் கொஞ்சம் தொற."

அதற்குப் பிறகு அவன் தினமும் ஒரே விஷயத்தை எழுதினான். 'என்னை விட்டுவிடு வேதமணி.' நான் அழிப்பேன். மறுநாள் அதுவே இருக்கும். ஃபோல்டரின் அமைப்பை மாற்றினேன். அப்புறம் அவன் படிக்கலாம், எழுத முடியாது. எழுத முயன்றால் அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மரியாதையான வரிதான். ரேச்சலுக்கு அவன் கடிதங்களை அதற்குப் பிறகு நானே எழுதி அனுப்பினேன். படிக்கத் தெரிந்த யாரும் அவன் அறைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்களை முன்னறையில் உட்காரவைத்து அவனைச் சக்கர நாற்காலியில் அங்கே கொண்டுவருவேன். கையை ஆட்டி அழுவான். "பாவம், மூள கலங்கிட்டு" என்று பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் சபையின் வீட்டு ஜெபம் என் வீட்டில், என் முறை. இருபது பேர் வந்திருந்தார்கள். பாட்டுச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். குருவானவர் கிருபாகரன் ஜெபிக்கத் தொடங்கினார், எல்லாரும் கண்ணை மூடினோம். அப்போது மூலையில் என் பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

இதில் தவறு என்னுடையதுதான். கேபிள் இழுத்த காலத்தில் பிரிண்டரையும் அவனுக்குப் பொதுவாக்கியிருந்தேன். ஃபோல்டரைப் பூட்டியவன் அதை மறந்துவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்தால் திரும்ப எழும்பாது என்று அணைப்பதே இல்லை, பிரிண்டருக்கும் அதே சுவிட்ச். ரிப்பனில் ஊசி குத்துகிற பழைய ரகம், பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போடும். ஜெபத்தின் நடுவே எழுந்திருப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே வாசகத்தைப் பக்கம் நிறைய அடிக்கிறான் என்று புரிந்தது. குருவானவர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், ஜேசுபாதத்தின் பெயரையும் சொன்னார். அன்று நீளமான ஜெபம். ஆமென் சொன்னபோது தாள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹென்றி வாத்தியார் அதை எடுத்தார்.

"ஏலே வேதமணி, இது என்னடே?"

"பழைய மெசின்லா, தானா எதாவது அடிக்கும்."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். 'நான் ஜேசுபாதம். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. வேதமணி என்னை அடைத்து வைத்திருக்கிறான். ரேச்சலிடம் சொல்லுங்கள்.' முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று எல்லாம் அதேதான். வாத்தியார் அல்லவா, கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

நாளை மறுநாள் ரேச்சல் வருகிறாள். அவள் சொற்களை அவனிடம் போகவிடாமலும் அவன் சொற்களை அவளிடம் போகவிடாமலும் தடுத்தது நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அடைத்து வைத்தேன் என்று எழுதாதீர்கள் அம்மா, அது அவன் கோபத்தில் பிரிண்டரில் அடித்தது. ரேச்சலின் போனில் இந்த ஒரு வருஷமாக அவன் கடிதங்கள் இருக்கின்றன, வாங்கிப் பாருங்கள். இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்றோ, என்மேல் வருத்தம் என்றோ, ஒரு வரி இருந்தால் காட்டுங்கள்.