கொம்பில்லாத மானுக்கான சீட்டு

வேட்டை விதிப் புத்தகத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அது இலவசம். எங்கள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்போம். எடுத்துப் போவார்கள், வண்டிக்குள் எங்காவது போடுவார்கள், பனியில் நனைந்ததும் தூக்கி எறிவார்கள். சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். அதனால் நான் படித்தேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, சார். மேடிசன் நகரில் உயிரியல் படித்துவிட்டு, அப்பா தனியாக இருக்கிறாரே என்று ஊருக்குத் திரும்பி, வெண்ட்லாண்ட் கடையில் வேட்டை லைசென்ஸ் விற்கிறேன். விதிகளைப் பற்றி என்றால் மட்டும் எனக்குப் பேச்சு வரும். இப்போதும் அதற்காகத்தான் வந்தேன். மார்சி டோலெஃப்சன் பற்றி வனத்துறை அதிகாரியாக நீங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது. திங்கட்கிழமை அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். சிறைக்குப் போவார். அதற்கு முன் திருத்த வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

இறந்துபோன ஆர்வில் யாஸ்கேயும் என் அப்பா லாய்டும் இருபத்திரண்டு ஆண்டுகள் சேர்ந்து வேட்டைக்குப் போனவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், நவம்பர் துப்பாக்கி சீசனின் கடைசி நாளில், ஆர்விலின் நிலத்தில் அப்பா ஒரு மானைச் சுட்டார். மாலையில் எத்தனை மணி வரை சுடலாம் என்று புத்தகத்தில் தேதிவாரியாக அட்டவணை உண்டு. அப்பா அதைத் தாண்டி நான்கு நிமிடம் கழித்துச் சுட்டார். ஆர்வில் அன்றே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அப்பா பெயரில் முன்பே ஒரு சின்ன வழக்கு இருந்ததால், மூன்று ஆண்டுக்கு லைசென்ஸ் போயிற்று.

அடுத்த சீசனின் முதல் நாள் காலை அப்பா வேட்டைக்கான ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எங்கும் போகவில்லை. மத்தியானம் கழற்றி மாட்டினார். பிப்ரவரியில் இறந்தார். சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். துக்கத்துக்கு ஆர்வில் மான் சாசேஜ் செய்து கொண்டுவந்தார். நானும் ஒன்று சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் கொம்பில்லாத மானை மட்டும் துப்பாக்கியால் சுட ஒரு சீசன் உண்டு. நடத்தலாமா என்று அந்தந்த மாவட்டக் குழு ஆண்டுதோறும் முடிவு செய்யும். எங்கள் மாவட்டத்தில் இந்த ஆண்டுதான் முதல்முறை. வில்லோடு போகிறவர்கள் சாதாரணமாக மரப்பட்டை நிறத்தில் உடுத்திக்கொண்டு புதரோடு புதராக உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் துப்பாக்கி சீசன் நடக்கும் நாட்களில், சுடுகிறவர்கள் கண்ணில் படும்படி, அவர்களும் ஆரஞ்சு போட்டே ஆக வேண்டும். ஆர்வில் டிசம்பரில் வில்லோடு மட்டும்தான் போவார். தனி ஆள். செய்தி பார்க்கிறவர் இல்லை.

அந்த சீசன் தொடங்க ஒரு நாள் முன்பு, டிசம்பர் இருபத்து மூன்று காலையில், மார்சி வந்தார். பள்ளிச் சமையலறையில் வேலை. கணவர் விட்டுப்போன பிறகு முதல் குளிர்காலம். துப்பாக்கி வகுப்பில் அப்போதுதான் தேறியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும் கோரின். கொம்பெல்லாம் எனக்கு எதுக்கு? கொம்பைப் போட்டு சூப்பா வைக்க முடியும்?" என்றார். "ஆனா எங்க போய் உக்கார்றது? ஒருத்தரும் இடத்தைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. கேட்டா காது கேக்காத மாதிரி நிக்கிறாங்க."

கொம்பில்லாத மானுக்கான சீட்டைக் கொடுத்துவிட்டு, காகிதப் பை ஒன்றில் படம் வரைந்தேன். சரளைக் குழி, இரண்டாவது வாய்க்கால், பெரிய பைன் மரம்.

"இதுல முதுகை வச்சு உக்காருங்க. எதிர்ல செடார் மரங்க இருக்கும். விடிஞ்சதும் அதுக்கு அடியில அசையும். தாழ்வாத்தான் தெரியும். சில சமயம் வால் மட்டும் வெள்ளையாத் தெரியும்."

ஆர்வில் பத்து ஆண்டாக அந்த செடார் மரங்களுக்கு அடியில்தான் உட்காருகிறார். முழங்கால் வலியால் மற்றவர்களைப் போல மரத்தில் ஏறி உட்கார முடியாது. குளிரில் அவருக்கு மூக்கு ஒழுகும். வெள்ளைக் கைக்குட்டைதான் வைத்திருப்பார்.

மத்தியானம் அவருடைய வண்டி கடை முன்னால் திரும்புவதைப் பார்த்தேன். புதிய சீசன் பற்றிய அறிவிப்பு கல்லா மேஜையில் ஒட்டியிருந்தது. அதன் மேல் சாசேஜ் மசாலாப் பொட்டலங்களை அடுக்கினேன்.

"என்ன டாக்டரம்மா, இன்னிக்கு எந்த மானுக்கு ஊசி போட்டே?" என் படிப்பை வைத்து எப்போதும் இப்படித்தான் கேலி செய்வார்.

"மான் எதுவும் வரல அங்கிள்."

"வில் சீசன் ஓடுதில்ல இன்னும்?"

"ஜனவரி வரைக்கும்."

"உடுப்பு?"

"போன வருஷம் இதே வாரம் என்ன போட்டுட்டுப் போனீங்க?"

"இந்தப் பழைய மரப்பட்டைக் கலருதான்."

நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். நான் ஒரு கேள்விதான் கேட்டேன், சார்.

"இதுல ரெண்டு குடு," என்று அவரே பொட்டலங்களை எடுத்தார். அறிவிப்பின் மேல் வரி தெரிந்தது. அவர் வாங்கிய பாலாடைக்கட்டிப் பையை அதன் மேல் வைத்துச் சில்லறையை எண்ணினேன். மெதுவாக எண்ணினேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆரஞ்சுக் கோட்டெல்லாம் எங்க? ஒண்ணைக்கூடக் காணோம்?"

"தள்ளுபடில போட்டோம். வித்துருச்சு."

அது பொய். காலையிலேயே எல்லாவற்றையும் பின்னறைக்குள் மாற்றியிருந்தேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பையை எடுக்கும்போதே பொட்டலங்களை இழுத்து அறிவிப்பை மூடிவிட்டேன். கதவருகே நின்றார். "உங்கப்பன் இருந்திருந்தா நாளைக்கு ரெண்டு பேருமாப் போயிருப்போம்," என்றார்.

"படி வழுக்கும் அங்கிள். பாத்துப் போங்க," என்றேன்.

மறுநாள் காலை நடந்தது உங்களுக்குத் தெரியும். மார்சி வெள்ளையாக ஏதோ அசைவதைப் பார்த்தார். சுட்ட பிறகு நடந்துபோய்ப் பார்த்தார். அதன் பிறகு அவர் பேசுவதில்லை என்கிறார்கள். இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

இனி அந்தத் தவறு. மார்சி சுட்டது 7:03. அன்று சுடத் தொடங்கும் நேரம் 7:05 என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நேரத்துக்கு முன்பே, வெளிச்சம் போதாமல் சுட்டார் என்பதுதான் வழக்கு. அட்டவணை மாநிலத்தின் கிழக்கு ஓரத்துக்கானது. மேற்கே வர வர ஒவ்வொரு மண்டலத்துக்கும் நான்கு நிமிடம் கூட்ட வேண்டும். மண்டலக் கோடு ஊருக்கும் சரளைக் குழிக்கும் நடுவில் போகிறது. நீங்கள் ஊருக்கான நேரத்தைப் போட்டிருக்கிறீர்கள். குழி கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே 7:01. மார்சி நேரம் தவறவில்லை. உடை சரி, சீட்டு சரி, இடம் நான் சொன்ன இடம். அந்தக் காகிதப் பை அவர் வண்டியில் இருக்கும். ஆர்வில் யாஸ்கேயைக் கொன்றது நான்.

உங்களைக் குறை சொல்லவில்லை. எளிதில் வரக்கூடிய தவறுதான். நானே ஒருமுறை செய்திருக்கிறேன். அந்த நவம்பர் காலையில் அப்பா பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும்மா?" என்று கேட்டார். வீட்டுக்கான நேரத்தைப் பார்த்துச் சொன்னேன். ஆர்விலின் நிலம் கோட்டுக்குக் கிழக்குப் பக்கம். அங்கே நான்கு நிமிடம் முன்பே முடிந்துவிடும். அப்பா நான் சொன்ன கடைசி நிமிடம் வரை பொறுத்திருந்து சுட்டார். நீதிபதி கேட்டபோது யார் சொன்ன நேரம் என்று அவர் சொல்லவில்லை. வீட்டிலும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அது வேறு விஷயம், சார். அன்று கடிகாரத்தைப் பார்த்துப் போன் செய்தது ஆர்வில்தான்.