ஸ்ரீலங்கா ஸ்டால்

பள்ளங்கி பஸ்ஸில் என் முன்சீட்டில் பிளஸ் ஒன் மாணவிகள் இருவர். என் மடியில் என் மகள் தூங்கினாள். அவர்கள் பேச்சைக் கேட்கக் கூடாதென்று நினைத்தும் கேட்டேன்.

“நான் கடலையே பாத்ததில்லடி,” என்றாள் ஜன்னலோரப் பெண். “என்னையப் போயி ஸ்ரீலங்கா ஸ்டால்ல நிக்கச் சொல்றாங்க.”

“சனிக்கிழமை விழாவுக்கு நம்ம ஸ்கூலுக்கு வெளிநாட்டுப் பிள்ளைக வர்றாங்கல்ல. நாட்டுக்கு ஒரு ஸ்டால். நல்லாத்தான இருக்கும்?”

“எங்க தாத்தா அங்க தேயிலைத் தோட்டத்துல கெடந்தாரு. இந்தியாக்காரன், போன்னு அனுப்பிட்டாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னாங்க. எங்கப்பா பொறந்ததே அட்டுவம்பட்டியில, அவரையும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. சனிக்கிழமை அவரு வருவாரு. அவரு முன்னாடி நான் அந்தக் கொடியப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?”

“மிஸ்கிட்ட முடியாதுன்னு சொல்லு.”

“சொன்னேன். கூச்சப்படாத, உன் கல்ச்சரப் பத்திப் பெருமையாப் பேசுங்கிறாங்க. எங்க வீட்டுக் கதைய அவங்ககிட்ட யாரு சொன்னான்னுதான் தெரியல.”

இரண்டு வளைவு தாண்டியதும் தோழி குரலைத் தாழ்த்தினாள்.

“நாந்தான்டி சொன்னேன். உனக்குச் சந்தோசமா இருக்கும்னு நெனச்சேன்.”

ஜன்னலோரப் பெண் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

“அப்ப சனிக்கிழமை ஸ்கூல் கேட்டுல நீ நில்லு. எங்கப்பா வந்ததும் எம்மக எந்த ஸ்டால்னு கேப்பாரு. நீயே கூட்டிட்டு வந்து காட்டு.”