நாரைக்குப் பின்னால

பெட்டி மேல வச்ச போட்டோ சரியில்ல தம்பி. அங்கதான் எல்லாம் கெட்டுது.

நவுர்றேன், நவுர்றேன். உன் படத்துல நான் விழுறேன்னு தெரியுது. உன் நாரை எங்கயும் போவாது. கொஞ்சம் கேளு, அப்புறம் நவுர்றேன்.

சவப்பெட்டிதான், வேற எந்தப் பெட்டி. என் சம்சாரம், வேளாங்கண்ணி. போன மாசம் அடக்கம் பண்ணோம். கோயில்ல பெட்டி மேல ஒரு போட்டோ வைக்கணுமில்ல? ஆதார் கார்டுல இருந்ததைப் பெருசு பண்ணி வச்சாங்க. அது எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாதா. திருட்டுக் கேசுல புடிச்சாந்த மாதிரி முழிச்சிக்கினு இருக்கா. வந்தவங்க எல்லாம் அதுக்குத்தான் மாலை போட்டாங்க. யாரோ ஒருத்தியை அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

வேற இல்லப்பா. மூலக்குளத்துல எங்க வீடு. புயலுக்குத் தண்ணி பூந்தப்ப கல்யாண ஆல்பம் ஒட்டிக்கினு போச்சு. மத்தபடி எவன் கேமராவைத் தூக்கினாலும் மொகத்தைத் திருப்பிக்குவா. முன்பல்லு ஒண்ணு கோணல். வீட்ல சிரிச்சாலும் கையால வாயைப் பொத்திக்கினுதான் சிரிப்பா.

எம்பொண்ணு ஃபாத்திமா பாரிஸ்ல இருக்கா. வீடியோ கால் போட்டா, இவ போனை ஜன்னல் பக்கம் திருப்பி, அந்தா மைனா பாருடின்னு காட்டுவா. பறவைன்னா இம்புட்டு ஆசையான்னு பொண்ணு ஒரு கேமரா அனுப்பிச்சா. அப்புறம் கேக்கணுமா. கேமராவுக்குப் பின்னாடி போயிட்டா எவனும் அவளை எடுக்க முடியாதே. விடிஞ்சா இந்த ஊசுட்டேரிக் கரைக்கு வந்துடுவா.

பார்க்காம இருப்பனா? அந்தக் கேமரா முழுக்கப் பார்த்துட்டேன். கூழைக்கடா, நாமக்கோழி, நத்தைகுத்தி. ஒண்ணுல அவ நெழல் விழுந்திருக்கு, புல்லு மேல, தொப்பியோட. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கினு இருந்தேன்.

கல்லறைக்குக் கல்லு செய்யறவன் போட்டோ கேட்டு நிக்கறான். ஆதாரையே பதிச்சுடலாமான்னான். அடிக்கப் போயிட்டேன். நான் செத்தப்புறமும் அங்க இருக்கப் போறது அந்த மூஞ்சியா?

அதான் இங்க வந்தேன். பறவை எடுக்க இத்தினி பேர் வர்றீங்களே, எவன் படத்துலயாவது விழுந்திருப்பாளேன்னு. செல்வகுமார்னு ஒருத்தர், நெல்லித்தோப்பு. பாவம், வீட்டுக்கே கூட்டிக்கினு போயி கம்ப்யூட்டர்ல காட்டினார். முன்னாடி நாரை, ஒவ்வொரு இறகா எண்ணலாம். பின்னாடி நீலமா பஞ்சு மாதிரி என்னமோ. அவ புடவை. பெருசு பண்ணுங்கன்னேன். பெருசு பண்ணப் பண்ணக் கரைஞ்சு போறா.

இன்னொருத்தர்கிட்ட முழங்கை. இன்னொருத்தர் அவ இருந்த பக்கத்தை வெட்டி எடுத்துட்டாராம். சொல்லும்போது தலையைக் குனிஞ்சுக்கினார். நான் குத்தம் சொல்லல. நீங்க பறவைக்கு வர்றீங்க. இப்ப நீ என்னை நவுரச் சொல்லல?

கோவமில்ல. உக்காரு.

கடைசியில மாட்டுக்குப் புல்லறுக்கற ஒருத்தி வந்தா. அந்தக் கேமரா என் கழுத்துல தொங்கறதைப் பார்த்துட்டு, அம்மா ஏன் வர்றதில்லன்னா. சொன்னேன். புல்லுக்கட்டைப் போட்டுட்டு அப்பிடியே உக்காந்துட்டா.

ரெண்டு பேரும் சினேகிதமாம். எனக்குத் தெரியாது. மொதல் நாளு என் சம்சாரம் ஒரு தாழைக்கோழிக்குக் கேமராவைக் குறி வச்சுக்கினு இருந்தப்ப, நாணலுக்குள்ளேர்ந்து அவ எழுந்து நின்னிருக்கா. கோழி பறந்துடுச்சு. இவ திட்ட, ஏன், அது நீ வளக்கற கோழியான்னு அவ கேட்டிருக்கா. அன்னைலேர்ந்து தெனம் பேச்சு. என்கிட்டப் பேசினதைவிட இங்கதான் அதிகம் பேசியிருப்பா போல.

அவகிட்ட ஒரு போனு, கண்ணாடி வெடிச்சது. அதுல படம் எடுக்க இவதான் சொல்லிக் குடுத்திருக்கா. ரெண்டு கையும் வேணுமேன்னு, தன் தலையில இருந்த புல்லுக்கட்டை இவ தலைக்கு மாத்திட்டு, இவளையே எடுத்துட்டா அவ. கோணலாத்தான் இருக்கு. ஆனா தெளிவு. கட்டைப் புடிச்சிக்கினு இருக்கா இல்ல? வாயைப் பொத்தக் கை இல்ல தம்பி. பல்லு மொத்தமும் தெரிய சிரிக்கிறா. கூடவே வாழ்ந்தவன், நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்ல.

கல்லறைக்கு இவ்ளோ சிரிச்ச போட்டோவா பப்பான்னா ஃபாத்திமா. அதான்னுட்டேன். நாளைக்குக் கல்லு வைக்கறாங்க.

ஏன் நவுரலன்னு சொல்றேன் இரு. உன்னை ஒண்ணு எடுக்கறேன்டின்னு எம் பொஞ்சாதி அந்தப் புல்லுக்காரிகிட்டக் கேட்டுக்கினே இருந்தாளாம். இந்தக் கோலத்துலயா, ஒரு நாளு குளிச்சு முழுகிட்டு வர்றேம்மா, அப்புறம் எடுன்னாளாம். அந்த அப்புறம் வரல. அவளுக்கும் ஆதார் போட்டோதான் இருக்கு. இந்தக் கேமராவுல நானும் அவளை எடுக்கப் பார்த்தேன். வயசான கை, எல்லாம் ஆடிப் போச்சு.

அந்தா வர்றா பாரு, கரை மேல. நான்தான் இன்னைக்கு வரச் சொன்னேன். பூவெல்லாம் வச்சுக்கினு வர்றா.

லென்சைத் திருப்பு. நாரை வேணும்னா பின்னாடி மங்கலா நிக்கட்டும்.

பேரு கொளஞ்சி.