உள்ளங்கையில் உருண்ட குப்பி

பச்சிளங்குழந்தை வார்டின் தலைமை மருத்துவர் ஷர்புன்னிசா அம்மையார் பணி நிறைவு பெறும் நாளில், வார்டின் கடைநிலைப் பணியாளர்கள் வாசித்து வழங்கும் மடல்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மளிகை வணிகம் செய்தவரின் மகளாகப் பிறந்து, கல்வராயன் மலையிறங்கி வந்த தாய்மாருக்கும், கரும்பு வெட்டப் போன இடத்திலேயே வலி கண்ட தாய்மாருக்கும் கைகொடுத்து, கண் திறவாத சிசுக்களின் நெஞ்சுக்கூட்டில் காற்றுக்குக் கதவு திறந்துவிட்ட கருணையே! மூச்சுக்கு முட்டுக் கொடுத்த மூதறிவே! எங்கள் அம்மையே! வணக்கம்.

தங்கள் பட்டங்களும் பதவிகளும் அதிகாரிகள் வாசித்த மடலில் பத்தி பத்தியாக வந்துவிட்டன. தரை துடைக்கும் எங்களுக்கும் சிலிண்டர் தள்ளும் எங்களுக்கும் அவற்றை மறுபடி சொல்ல வாய் போதாது. பார்த்ததைச் சொல்கிறோம். எங்களில் ஒருவரான ராயப்பன், இங்கே வேலைக்கு வருமுன், தகப்பனாக வந்து நின்ற ஒரு பகலைச் சொல்கிறோம்.

கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ராயப்பனின் மனைவி ரீத்தாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்து, விடிந்ததும் இங்கே பெண் பிறந்தது. ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு இடையில் தோல் குழி விழுந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ராயப்பன், அடுத்த மூச்சு வருமோ வராதோ என்று அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாங்கள் அவரை உள்ளே அழைத்தீர்கள். குழந்தையின் வயிற்றிலிருந்து எடுத்த சிறிது நீரைக் கண்ணாடிக் குழலில் விட்டு, ஸ்பிரிட் சேர்த்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்தீர்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் தங்கின. மற்றவை உடைந்துபோயின.

“நுரை நிக்கணும் ராயப்பன். நின்னா நுரையீரல்ல அந்தக் கொழுப்பு ஊறிடுச்சின்னு அர்த்தம். இவளுக்கு இப்பதான் ஊற ஆரம்பிச்சிருக்கு. போதல.”

“கொழுப்பாம்மா? கொழுப்பு ஜாஸ்தியாயிதான ஆளு பூடறான்? கம்மியானாலும் பூடுவானா?”

அந்த நிலையிலும் தாங்கள் சிரித்தீர்கள். “அது வேற கொழுப்பு. ஈரமான பாலிதீன் கவர் ஒட்டிக்கினா ஊதிப் பிரிக்க முடியுதா? நெஞ்சுக்குள்ள அப்படிக் கோடிக்கணக்குல குட்டிக் குட்டிப் பை. அதுங்க ஒட்டாம பாத்துக்கறது இந்தக் கொழுப்புதான்.”

அன்று ராயப்பனுக்குச் சொன்னதைப் பின்னாளில் எங்கள் அனைவருக்கும் சொன்னீர்கள். என்னே அதிசயம் அம்மா! அந்தக் கொழுப்புக்குக் கிளிசரால் என்னும் முதுகு, அதில் பாஸ்பரஸ் தாங்கிய ஒரு தலை, இரண்டு கொழுப்பு வால்கள்; தலைக்குத் தண்ணீர் மேல் ஆசை, வாலுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது; ஆகவே நுரையீரல் ஈரத்தின் மேல் தலையை நனைத்து வாலைக் காற்றில் தூக்கி வரிசையாக நின்று, ஈரம் இழுக்கும் இழுப்பைத் தளர்த்திப் பைகளைத் திறந்து வைக்கிறதாம். அதே குலத்துக் கொழுப்புதான், வாலோடு வால் சேர்த்து இரண்டு வரிசையாக நின்று, உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுவராகிறதாம். முட்டையின் மஞ்சளில் அதுவாம், நினைக்கிற மூளையிலும் அதுவாம். கரும்புக் காட்டில் கண்ணாடி விரியன் தீண்டினால், அதன் விஷம் இரண்டு வால்களில் ஒன்றைக் கத்தரித்துவிட, ரத்த அணுவின் சுவரே சிதைந்துபோகுமாம். அரிவாளோடு அந்தக் காட்டில் நின்ற நாங்கள், எங்கள் உடம்பே இத்தனை மெல்லிய சுவர்களால் கட்டியது என்று அப்போதுதான் அறிந்தோம்.

அந்தக் கொழுப்பே மருந்தாகக் குப்பியில் வரும்; வார்டில் இருந்ததை முந்தின நாள் இரட்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தீர்கள். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் ஏற்றிவிட்ட குப்பியை உளுந்தூர்பேட்டையில் வாங்கி வர ராயப்பன் ஓடினார். “சில்லுன்னு இருக்கணும்” என்று மட்டும் சொல்லி அனுப்பினீர்கள். வெயிலில், குப்பி வந்த பெட்டியின் ஐஸ் கரைந்திருந்தது. பேருந்து நிலையத்தில் குல்பி வண்டி வைத்திருந்த ஜுல்பிகர் அதைப் பார்த்துப் பதறினார்.

“இன்னாண்ணே, ஐஸு பூரா தண்ணியாயிக்கினு கீது! குடு இங்க. வெறும் ஐஸு நிக்காது, உப்பு போட்டாதான் நிக்கும். புள்ள பொழச்சதும் இட்டாந்து காட்டு, என் கையால குல்பி தரேன்.”

உப்பிட்ட ஐஸ், வெறும் ஐஸைவிடக் கடுங்குளிர். குல்பிக்கு அது உயிர்; இந்த மருந்துக்கு அதுவே முடிவு. தாங்கள் பெட்டியைத் திறந்தபோது குப்பிக்குள் வெள்ளைக் கட்டி கிடந்தது. உறைந்தால் கொழுப்பின் அடுக்கு குலைந்துவிடும், உருக்கினாலும் பழைய வேலையைச் செய்யாது.

துடைப்பத்தோடு நின்ற ராஜாம்பாள் பொங்கிவிட்டார். “யோவ், உனக்கு அறிவு கீதா? மருந்தக் கொண்டுபோயி குல்பிக்காரங்கிட்ட குடுத்துக்கினு வந்து நிக்கிற!”

ராயப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அப்போது தாங்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னது எங்கள் காதில் இன்றும் இருக்கிறது.

“அவரத் திட்டாதம்மா. உறையக் கூடாதுன்னு நான் சொல்லல. தப்பு என்னுது. எழுந்திரு ராயப்பன், வேலை கீது.”

படித்தவர் ஒருவர், வெட்டுக்கூலி ஒருவருக்கு முன்னால், ஊர் கேட்க, தப்பு என்னுடையது என்றதை அன்றுதான் கண்டோம் அம்மா!

இன்னொரு குப்பி கேட்டுச் சேலத்துக்குப் போன் போட்டீர்கள். குழந்தையின் மூக்கில் குழாய் பொருத்தி, காற்று வெளியேறும் முனையைத் தண்ணீர்ப் புட்டியில் அமிழ்த்தினீர்கள். புட்டி கொப்பளித்தது. காற்றின் அழுத்தம் நின்றுபோகாமல் பைகளைத் தாங்கிப் பிடிக்கும் என்றீர்கள்.

“நான் குழந்தையப் பாக்கறேன். நீ புட்டியப் பாரு. கொப்பளம் நின்னா கத்து.”

அழக்கூட நேரமில்லாமல் ராயப்பன் புட்டியைப் பார்த்தார். மதியம் சாய்ந்தது. தங்கள் சோற்றுப் பாத்திரம் திறக்கப்படவில்லை. குழியும் முனகலும் கூடிக்கொண்டே போயின. கடைசியில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஜெயப்பிரகாஷ், சேலத்திலிருந்து வந்த குப்பியைச் சின்னசேலத்தில் வாங்கிக்கொண்டு பறந்து வந்தார்.

“குலுக்கிக் குடுக்கட்டுமாம்மா?” என்று ராயப்பன் கை நீட்டினார்.

“வேணாம். குலுக்கினா நுரை கட்டிக்கும். கைச்சூடு போதும்.”

உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை வைத்து மெல்ல உருட்டினீர்கள். மருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீலம் பாய்ந்த உதடு சிவந்தது. விலாவின் குழி ஆழம் குறைந்து, இன்னும் குறைந்து, மாலைக்குள் மேடானது. புட்டியை விட்டுக் கண்ணெடுக்காத ராயப்பன்தான் அதை எல்லோருக்கும் கடைசியாகப் பார்த்தார்.

அந்தப் புட்டியை அவர் பார்த்த பார்வையைக் கண்டுதானே, பின்னாளில் அவரைச் சிலிண்டர் வேலைக்குச் சேர்க்கச் சொன்னீர்கள்! ஜுல்பிகரும் சொன்ன சொல் தவறவில்லை. இன்றும் வாசலில் வண்டியோடு நிற்கிறார். விழா முடிந்ததும் அனைவரும் அவர் கைக் குல்பியை உண்டு செல்ல வேண்டுகிறோம்.

இதோ, மேடையில் நின்று இந்த மடலை வாசிக்கும் சிறுமி வேறு யாருமல்ல, ராயப்பன் ரீத்தா தம்பதியின் மகள் பிரின்சிதான். இத்தனை நீள நீளமான வாக்கியங்களை நாங்கள் அழகுக்காக எழுதவில்லை அம்மா, அவளுக்காக எழுதினோம். வாழ்த்தை ஒரே மூச்சில் வாசிக்கப் பழகியிருக்கிறாள். தாங்கள் தாளைப் பார்க்க வேண்டாம், அவள் நெஞ்சைப் பாருங்கள்; எங்கும் குழி விழாது:

தாங்கள் திறந்துவிட்ட நுரையீரல்கள் இந்த மலையிலும் சமவெளியிலும் எங்கெல்லாம் சிரித்து, பாடி, சண்டையிட்டு, பள்ளி மணிக்கு ஓடி, கரும்பு கடித்து, இரவில் அயர்ந்து உறங்குகின்றனவோ அங்கெல்லாம் தங்கள் பெயர் நிலைக்க, நோய் நொடி அண்டாமல், உறக்கமும் உணவும் வேளைக்கு வாய்த்து, இத்தனை பிள்ளைகளுக்கு மீட்டுத் தந்த மூச்சின் நீளமெல்லாம் தங்கள் ஆயுளின் நீளமாகி, நீடூழி நீடூழி வாழ்க, வாழ்க, எங்கள் அம்மையே!

இங்ஙனம்,
துடைப்பவர், துவைப்பவர், சிலிண்டர் தள்ளுபவர்,
பச்சிளங்குழந்தை வார்டு.